காபி எப்படி இருந்துச்சு?

“சாப்பிட்டீங்களா?” என்று அக்கா யாரையும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். “காபி எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாமா, எழுபது தாண்டியவர். காலை ஏழு மணி. ‘பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் உட்கொள்ளவில்லை’ என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு நான் டிக் போடத் தயாராக நிற்கிறேன். மாமா கையை நீட்டியிருக்கிறார். ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதை பேசுகிற குரலில் அக்கா கேட்டார்.

“இன்னைக்குக் காபி எப்படி மாமா இருந்துச்சு?”

“பேஷா இருந்தது. புதுப் பொடி, சிக்கரி கம்மி.”

அக்கா பட்டையை அவிழ்த்துவிட்டார். “அப்ப நாளைக்கு வரேன் மாமா.”

“ஏன்? நான்தான் ஒண்ணும் சாப்பிடலையே! காபியெல்லாம் ஆகாரத்துல சேர்த்தியா?”

“சேராதுதான். ஆனா பாலும் சக்கரையும் ரத்தத்துல சேந்துடும்ல?”

“அரை ஸ்பூன்தான் போட்டுண்டேன்.”

“அந்த அரையைத்தான் மெஷின் பிடிச்சுக்கும். நாளைக்கு ஆறரைக்கெல்லாம் வந்துடுறேன். தண்ணி மட்டும் குடிங்க.”

உள்ளேயிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது. “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே இந்த மனுஷன்!”

மாமா ஏதோ முணுமுணுத்தார். ஆனால் கோபப்படவில்லை. அக்காவிடம் மாட்டியவர்கள் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ‘பொய் சொல்றீங்க’ என்று அவர் யாரையும் சொன்னது கிடையாது. உண்மை தானாக நடந்து வெளியே வருகிற மாதிரி ஒரு கதவைத் திறந்து வைப்பார், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை இது. எம்.எஸ்சி. முடித்த கையோடு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். நான்கு நாடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களை ஒரே டேப்பால், ஒரே கேள்விகளால் அளந்து ஒப்பிடுவது வேலை. ஜப்பான், போலந்து, மெக்சிகோ, அப்புறம் திருச்சி. இந்தியா முழுவதற்கும் சேர்த்துத் திருச்சிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கெத்து. இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்தத்தில் இரண்டு வகைக் கொழுப்பு ஆகிய ஐந்தையும் பார்ப்போம். மூன்று தப்பாக இருந்தால் மெட்டபாலிக் சின்ட்ரோம். எந்த நாட்டுத் தாத்தா பாட்டிகளுக்கு அது அதிகம் என்பதுதான் கேள்வி.

நான் ஃபார்ம் நிரப்புவேன், எக்செல்லில் ஏற்றுவேன். அக்கா ரத்தம் எடுப்பார். புத்தூரில் ஒரு லேபில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு இங்கே வந்தவர். நாற்பத்தெட்டு வயது. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட், வலது மணிக்கட்டில் ஆம்பளை வாட்ச், ஸ்கூட்டரின் காலடியில் ஐஸ் பாக்ஸ். நான் பின்சீட்டு. என் ஐ.டி. கார்டில் பெயருக்குப் பின்னால் டிகிரி இருந்ததால் என்னை ‘மேடம்’ என்றார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசி வரை பிரிக்க முடியவில்லை.

“மேடம், உங்க பேக்கை முன்னாடி மாட்டிக்குங்க. பின்னாடி மாட்டினா பஸ்காரன் உங்களையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுவான்.”

காவிரிப் பாலத்தில் போகும்போது இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

கைலாசபுரத்தில் ஒரு சார் இருந்தார். ஃபேக்டரியில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். சின்ன மகனுக்கும் அதே ஃபேக்டரியில் வேலை, அதனால் டவுன்ஷிப்பிலேயே குவார்ட்டர்ஸ். இடுப்பை அளக்க டேப்பைச் சுற்றியதும் சார் மூச்சை இழுத்து வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்துவிட்டார். நான் மூன்று தடவை “மூச்சு விடுங்க சார்” என்று கெஞ்சிப் பார்த்தேன். “நார்மலாத்தான்மா இருக்கேன்” என்று உதட்டைப் பிரிக்காமலே பதில் வந்தது.

அக்கா டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“சாருக்கு எத்தனை பேரப்புள்ளைங்க?”

“மூணு. பெரியவன் டல்லாஸ்ல, என் பெரிய பையன் வீட்டுல. நடுவுல ஒருத்தி, அவ வந்து…”

மூச்சு போனது, வயிறு வந்தது. “தொண்ணூத்தேழு. எழுதிக்குங்க மேடம்” என்றார் அக்கா.

சார் விடவில்லை. எல்லை எவ்வளவு என்று கேட்டார். நம்ம ஊர் ஆம்பளைகளுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் என்றேன். அமெரிக்காவில்? அங்கே வழக்கமாக நூற்றிரண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அப்ப என் பையன் வீட்டுல இருக்குறப்ப நான் நல்லா இருக்கேன். திருச்சி ஏர்போர்ட்ல இறங்குனதும் பேஷன்ட் ஆயிடுறேன். என்னம்மா உங்க ஆராய்ச்சி?”

நான் மரபணு, இனம், குறிப்பு எண் என்று ஆரம்பித்தேன். சார் கொட்டாவி விட்டார்.

“நம்ம ஆளுங்களுக்குச் சின்னத் தொப்பைக்கே சுகர் எட்டிப் பாத்துடுது சார். அதனால நமக்கு முன்கூட்டியே மணி அடிக்கிறாங்க. டல்லாஸ் போனாலும் தொப்பை உங்களோடதானே வரும்?” என்றார் அக்கா.

சார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே அக்கா தரையில் உட்கார்ந்து அவருடைய செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஃபார்மில் கடைசிக் கேள்வி அது: ‘காலில் ஆறாத புண் உண்டா?’ மற்ற டெக்னீஷியன்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அக்கா குனிந்து விரலிடுக்கு வரை பார்ப்பார். “வாய் சொல்லாததைக் கால் சொல்லிடும்” என்பார்.

அக்காவின் வலது கால் சுண்டுவிரலிலேயே ஒரு பிளாஸ்திரி இருந்தது. செருப்பு கடித்தது என்றார். நான் சேர்ந்த வாரமும் இருந்தது. இரண்டு மாதம் கழித்தும் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கும். பத்து மணிக்குள் காலி. பதினொன்றுக்கு மறுபடி காலி. திருச்சியில் சுத்தமான பாத்ரூம் எங்கெங்கே இருக்கிறது என்று அக்காவுக்கு மனப்பாடம். கே.கே. நகரில் எந்த மண்டபத்து வாட்ச்மேன் திறந்துவிடுவார், சத்திரம் பக்கம் எந்த ஹோட்டலில் ஒன்றும் வாங்காமல் உள்ளே போகலாம், எல்லாம். திருச்சி வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள், சுகரைப் பற்றி நாள் முழுக்க ஃபார்ம் நிரப்புகிறவள், அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் ஆபீசுக்குப் புது குளுக்கோமீட்டர்கள் வந்தன. விளையாட்டாக எல்லோரும் எல்லோருடைய விரலையும் குத்திப் பார்த்தோம். திட்டத்தை நடத்துகிற டாக்டருக்கே நூற்றுப் பதினெட்டு. ஓஹோவென்று கத்தினோம். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். சட்டென்று உருவிக்கொண்டார்.

“எனக்கு வேணாம்.”

“ஏன்க்கா, பயமா?”

“இருபது வருஷமாக் குத்துற கை மேடம். குத்து வாங்குனா கைராசி போயிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பிளாஸ்திரியையும் இந்தப் பாட்டிலையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்தேன். மறுநாள் நேரடியாகவே கேட்டேன். “அக்கா, நீங்க ஒரு தடவை சுகர் பாத்துக்குங்களேன்.” “பாத்துட்டேன், நார்மல்” என்றார். எப்போது என்றேன். “போன மாசம்.” எங்கே என்றேன். “மேடம், சிக்னல் விழுந்துடுச்சு, ஏறுங்க.” அவ்வளவுதான். ஊர் வாயை எல்லாம் திறக்கத் தெரிந்தவருக்குத் தன் வாயைப் பூட்டவும் தெரிந்திருந்தது.

நடுவில், தங்கை மகள் கல்யாணம் என்று அக்கா பத்து நாள் லீவ் போட்டார். பாக்கியிருந்தது ஸ்ரீரங்கத்தில் முப்பத்தோரு பேர். காபியால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போன உத்திர வீதி மாமாவும் மாமியும் அதில் உண்டு. வேறு ஒரு டெக்னீஷியனைத் தந்தார்கள். எனக்கு ஒரு சூப்பர் ஐடியா வந்தது. இந்த மாமா மாமிகளை வெறும் வயிற்றோடு பிடிப்பதுதானே பிரச்சினை? காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஏகாதசி. அந்தத் தெருக்களில் அன்று முழுப் பட்டினி. அப்படியானால் செவ்வாய்க்கிழமை காலையில் போனால் ஒட்டுமொத்தத் தெருவும் வெறும் வயிறு! எங்கள் வீடு கே.கே. நகர். அப்பா ரயில்வே. எங்களுக்கு ஏகாதசி என்பது காலண்டரில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஏழரைக்குப் போய் நின்றோம். இரண்டு மூன்று வீடுகளில் கேட்டேன். “நேத்து விரதமா மாமி?”

“ஆமாம்மா. பச்சைத் தண்ணி தவிர பல்லுல படலை.”

டிக். அடுத்த வீடு, டிக். அப்புறம் கேட்கக்கூட இல்லை. மதியம் ஆபீசில் உட்கார்ந்து மிச்ச ஃபார்ம்களுக்கும் வரிசையாக டிக் போட்டேன். முப்பத்தொன்று. ஒரே நாளில் அத்தனை பேரை யாரும் முடித்ததில்லை.

மாதாந்திர வீடியோ மீட்டிங்கில் ஸ்ரீரங்கம் எண்களைப் பார்த்து மற்ற மூன்று நாட்டுக்காரர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சர்க்கரை, கொழுப்பு இரண்டும் எங்கேயோ இருந்தன. நான்கு ஊர்களில் நாங்கள்தான் முதலிடம். இதைக் கட்டுரையில் தனி வரைபடமாகப் போடலாம் என்றார் போலந்துக்காரர். என் பெயரையும் அதில் சேர்ப்பதாக டாக்டர் சொன்னார். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு நான் கேட்டிருந்த சிபாரிசுக் கடிதம் மறுவாரமே ரெடியாகிவிடும் என்றார். ஸ்ரீரங்கத்து மாமா மாமிகளுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தார். இனிப்பை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு என் ஷீட்டை ஸ்க்ரோல் செய்தார். தேதியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரையும் பார்த்தார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

“அன்னைக்குக் காலைல அந்தத் தெருவுல அகத்திக்கீரை வாசம் எப்படி மேடம் இருந்துச்சு?”

“ஐயோ செமக்கா! தெரு முழுக்கத் தாளிச்ச வாசம். எனக்கே பசி எடுத்துருச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

காலை ஏழரைக்குத் தெரு முழுக்கத் தாளித்த வாசம். யார் சமைத்தார்கள்? யாருக்கு?

“துவாதசி” என்றார் அக்கா. “விடியறதுக்கு முன்னாடியே குளிச்சுட்டுப் பாரணை பண்ணிடுவாங்க. நேத்துப் பட்டினிக்கும் சேத்து முழுச் சாப்பாடு. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, நெய் விட்ட சாதம். நீங்க போனப்ப இலையை எடுத்துப் போட்டு ஒரு மணி நேரம் ஆயிருக்கும்.”

“அவங்க சொல்லலையேக்கா!”

“நீங்க நேத்தைப் பத்தித்தானே கேட்டீங்க? அவங்க நெஜத்தைத்தான் சொன்னாங்க.”

டாக்டரிடம் போவேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டிக் எல்லாம் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்ததைப் பார்த்திருப்பார். அதையும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஊசி டப்பாவைத் திறந்து எண்ணினார். முப்பத்தொன்று எடுத்துத் தனியாக வைத்தார்.

அந்த முப்பத்தொன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் டாக்டர் அறைக்குப் போனேன். திட்டினால்கூடத் தேவலை. “ம்” என்றார். படம் போச்சு, கட்டுரையில் பெயர் போச்சு. கடிதம் வந்தது, நான்கு மாதம் கழித்து, மூன்றே வரிகளில். அந்த வருஷ அட்மிஷனும் போச்சு.

மறுபடி முப்பத்தோரு வீடுகள் ஏறினோம். உத்திர வீதி மாமி கையை நீட்டும்போதே பிடித்துக்கொண்டார்.

“என்னடிம்மா, போன தடவை எடுத்த ரத்தத்தை என்ன பண்ணினேள்? கொட்டிட்டேளா?”

“மாமி, அன்னைக்கு நீங்க நெய் தாராளமா விட்டுருக்கீங்க. ரத்தத்துல மிதந்துச்சு” என்றார் அக்கா.

“நெய்யுன்னா மாமாவுக்குத்தான் கை நீளும். நான் ஒரு சொட்டுதான்” என்று மாமி கணவரைக் கை காட்டினார். மாமா பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். நான் தப்பு செய்ததை அக்கா அந்தத் தெருவில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

புது எண்கள் வந்தன. பாதிக்கு மேல் இறங்கிவிட்டன. இறங்காதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நிஜமாகவே சுகர். அதில் உத்திர வீதி மாமாவும் ஒருவர். முதலிடம் போய் நாங்கள் நடுவில் எங்கோ நின்றோம். அட்மிஷன் போனதால் நான் ஊரிலேயே இருந்தேன், அதே பின்சீட்டில். திட்டம் முடிய இன்னும் ஒரு வாரம். சுண்டுவிரல் பிளாஸ்திரி இப்போது இரண்டு விரல்களைச் சேர்த்துச் சுற்றியிருந்தது. வண்டியை ஸ்டாண்ட் போடும்போது அக்கா இடது காலால் போட ஆரம்பித்திருந்தார்.

புத்தூர் ஆபீஸ், மாலை நேரம். ட்யூப்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம். நேராகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

“அக்கா, மெடிக்கல் போறேன். உங்க பிளாஸ்திரி டப்பா தீந்துருச்சா, இருக்கா?”

“நேத்தே தீந்துருச்சு. பெரிய சைஸ் வாங்கிட்டு வாங்க. இந்த மாசத்துல இது நாலாவ…”

நின்றுவிட்டார்.

நான் நிமிரவில்லை. அக்கா கையிலிருந்த லேபிள் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

“அடிப்பாவி” என்றார் மெதுவாக. அன்றுதான் நான் மேடம் பதவியிலிருந்து இறங்கினேன்.

விரலிலிருந்து லேபிளை உரித்துக்கொண்டே, பக்கத்து மேஜையில் இருப்பவருக்குச் சொல்வது மாதிரி சொன்னார். “எங்கம்மாவுக்கும் முதல்ல இந்த விரல்தான். அப்புறம் முட்டி வரைக்கும் எடுத்தாங்க. ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்து அம்மாகிட்டப் படிச்சுக் காமிச்சது நான்தான்.”

அவரே ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு முழங்கையை மேஜை மேல் வைத்தார்.

“எடு. அந்த மிஷினை எடு. இப்பவே பாத்துடு. வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்.”

குளுக்கோமீட்டரை எடுத்தேன். டெஸ்ட் ஸ்ட்ரிப்பைச் செருகினேன். பஞ்சால் விரலைத் துடைத்தேன். துடைத்துவிட்டுக் கேட்டேன்.

“நாலு மணிக்குக் காபி எப்படிக்கா இருந்துச்சு?”

அக்கா என்னையே பார்த்தார். சிரிப்பு உதட்டில் வந்துவிட்டது. கண்ணுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமானது.

“நல்லா இருந்துச்சு. ரெண்டு ஸ்பூன்.”

“இப்ப பாத்தா அந்த ரெண்டு ஸ்பூனாலதான் ஏறிடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சுடுவீங்க. நாளைக்கு வரேன். காலைல ஆறரை. தண்ணி மட்டும்.”

“வீடு தெரியுமா உனக்கு?”

“கேட்டு வருவேன்.”

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறேகாலுக்குத் தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார், நான் வழி தவறிவிடக் கூடாது என்று. வீட்டில் மேஜை துடைத்திருந்தது. கை நீட்டி வைக்க ஒரு சின்னத் தலையணை. பக்கத்தில் பஞ்சு, ஸ்பிரிட், ரப்பர் பட்டை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். ஃபார்முக்கு ஒரு பேனாகூட.

ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியைத் தன்னிடமும் கேட்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேடையில் டபராவும் டம்ளரும் ஈரமில்லாமல் கவிழ்ந்திருந்தன. பால் பாக்கெட் இன்னும் கிழிக்காமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதந்தது.

டிக் போட்டேன்.